நடக்கத் தெரியாத உப்பு

“சார், இது கொலைக் கேஸ் இல்லேன்னு மட்டும் சொல்லுங்க. இந்தச் சாட்சியை நான் தின்னலாமா?”

தாவீது கேட்டு முடிப்பதற்குள் அவன் கை காராமணிக் காய்களைக் கொத்தாகப் பறித்து வாயில் போட்டுவிட்டது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவன் தொண்டையில் இறங்கவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். பெரம்பூர் தாவீதுக்குப் பதினொன்றாவதாக வெட்கமும் பறந்துபோகும்.

துப்பறியும் குப்புராஜ் கொல்லையின் நடுவே குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காத கரும்பு. தையில் நட்டது, சித்திரை பிறந்தும் பக்கக் குருத்து வெடித்துத் தூர் கட்டவில்லை. நட்ட கரணைத் துண்டுக்கு ஒற்றைக் குருத்து, சீக்காளிப் பிள்ளையின் கையைப் போல வெயிலில் நீண்டு நின்றது.

இந்தக் கரும்பால்தான் பழவேற்காட்டு மொய்னுதீன் பாய் ஊரை விட்டே போனார். வருஷக்கணக்காக இந்தப் பக்கத்துக் குடியானவர்களுக்கு மீன் உரம் கொண்டுவந்து விற்றவர் அவர். இந்த வருஷம்தான் முதல் தடவையாக மதராஸிலிருந்து புது மாதிரி வெள்ளை உரம் கொண்டுவந்தார். “சூப்பர் உரம். கரும்புக்கு வேர் பிடிக்கும், தூர் வெடிக்கும்” என்றார். ஊரே வாங்கிப் போட்டது. ஊர்க் கரும்பெல்லாம் படுத்துவிட்டது. பங்குனியில் பஞ்சாயத்து கூடி, சுண்ணாம்பு மண்ணைச் சாக்கில் கட்டி விற்ற மோசக்காரன் என்று அவரை நிறுத்திவைத்துக் கேட்டார்கள். அன்று கடம்பத்தூரில் ரயில் ஏறியவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று சொல்லித்தான் அவர் மகள் ஆரிபா குப்புராஜின் படியேறினாள். “என் வாப்பா மோசம் பண்ணினாரா இல்லையா, அதை முதல்ல கண்டுபிடிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

சரக்கு வந்த மதராஸ் கிடங்கில் விசாரித்தாயிற்று. சரக்கு அசல், சீல் உடையவில்லை. இங்கே வந்தால், உரம் ஒரு பிடிகூட மிச்சமில்லை. சாக்குகளைத் துவைத்துப் படுதாவாகத் தைத்துவிட்டார்கள். மிஞ்சியது இந்தக் கொல்லை ஒன்றுதான்.

“சார், வேற ஒண்ணும் துப்பு கிடைக்கலேன்னா காராமணியாவது மூட்டை கட்டிக்கினு போலாம். இன்னா ருசி தெரியுமா? தேன்!”

குப்புராஜ் திரும்பினார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“எங்கே பறிச்சே?”

“தோ, உங்க தலைக்கு மேலதான். பார் மேட்டுல.”

குப்புராஜ் எழுந்தார். கரும்பு நிற்பது பள்ளமான சாலில். சாலுக்குச் சால் நடுவே மண் மேடாகப் பார் பிடித்திருந்தது. அந்தப் பார் மேட்டில் காராமணி! இலை கரும்பச்சை. கொடிக்குக் கொடி காய் சரமாகத் தொங்கியது. கொடியின் அடிப்பக்கத்தில் காய் முற்றி, நெற்றாகி, வெடித்து, விதை மண்ணில் சிதறிக் கிடந்தது.

“தாவீது, ஒரே கொல்லை. ஒரே தண்ணி. பள்ளத்திலே பஞ்சம், மேட்டிலே கல்யாணச் சாப்பாடு. இது எப்படி?”

“பள்ளத்துல இருக்கறவன் பள்ளத்துலேயே கிடக்கிறான், மேட்டுக்குடி கொழுக்குது. நம்ம நாட்டு நடப்புதானே சார்?”

கொல்லைக்குச் சொந்தக்காரர் மாரியப்பன் வரப்பில் கைகட்டி நின்றிருந்தார். தோள் அகன்ற மனிதர். இந்த வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாயின் சரக்கை நம்பி ஊரையே வாங்கவைத்தவர் அவர். பஞ்சாயத்தில் முதலில் எழுந்து நின்றவரும் அவர்தான்.

“மாரியப்பன், அந்த உரத்தை எப்படிப் போடணும்னு பாய் சொன்னார்?”

“சொன்னாரு, சொன்னாரு.” மாரியப்பன் கசப்பாகச் சிரித்தார். “‘மாரி, மீன் உரம் மாதிரி இதை மேலால தூவிடாதே. இது நடக்கத் தெரியாத உப்பு. தண்ணி கூப்பிட்டாலும் போகாது. போட்ட இடத்துலயே உக்காந்துக்கினு இருக்கும். சாலுக்குள்ள, கரணைக்கு அடியில வை, வேர் வந்து தொட்டுக்கும்’னாரு. நானும் அப்படித்தான் போடச் சொன்னேன். ஊருல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க.”

“போடச் சொன்னீங்க. போட்டது யார்?”

“நடவுப் பொம்பளைங்க. கரணை வைக்கிறவங்கதான் உரமும் வைப்பாங்க. ஏன்?”

குப்புராஜ் ஒரு காராமணிக் கொடியை வேரோடு பிடுங்கி நீட்டினார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, உருண்டையாக.

“உங்க பாய் விற்றது சுண்ணாம்பு மண் இல்லை. அசல் உரம். பயறு வகைக்கு அது அமுதம். ஆனா அது சாலில் விழவே இல்லை. மேட்டிலே விழுந்து, மேட்டிலேயே உட்கார்ந்திருக்கு. கரும்பு வேர் பள்ளத்திலே பட்டினி கிடக்குது.”

மாரியப்பன் முகத்தில் ரத்தம் ஏறி, உடனே இறங்கியது. கொடியைக் கையில் வாங்கி வேரைத் தடவினார். வாய் திறந்து மூடியது. பிறகுதான் கோபம் வந்தது. வெட்கம் வருகிற இடத்தில் முந்திக்கொண்டு வருமே, அந்தக் கோபம்.

“புரிஞ்சுபோச்சு! பார்ல விளையற பயறு நடவுப் பொம்பளைங்களுக்குத்தான் பாத்தியதை. அது இந்த ஊரு வழக்கம். அவளுங்க காராமணிக்கு எங்க உரத்தைத் திருடிப் போட்டிருக்காளுங்க!”

“அப்படிப் போடு!” என்று தாவீது தொடையில் தட்டினான். “கேஸ் முடிஞ்சுது சார். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?”

“அவசரப்படாதே. திருடினவன் திருட்டுச் சொத்தைத் தொடாம வெயிலிலே காயவிட்டு எங்கேயாவது பார்த்திருக்கியா?” குப்புராஜ் மண்ணில் சிதறிய விதையைக் காட்டினார். “நெற்றாகி வெடிக்கிறது. இந்தக் கொல்லையிலே உன்னைத் தவிர வேறு யாரும் ஒரு காய்கூடப் பறிக்கலை.”

தாவீது மெல்லுவதை நிறுத்தினான்.

“சார், விஷமா இருக்குமோ?”

“இருந்தா இந்நேரம் நீ பேசமாட்டே. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.”

பச்சையம்மா பக்கத்துக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். நடவுப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் சொன்னால் இறங்குவார்கள், அவள் சொன்னால் கரையேறுவார்கள். கூப்பிட்டதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தே வந்தாள். தாவீதின் கையிலிருந்த காயையும் அவன் வாயையும் பார்த்தாள். அவ்வளவுதான், முகம் சுண்டிப்போயிற்று.

“ஐயோ, அதையா துன்றே? துப்புய்யா! துப்பு!”

“அதுக்குத்தாம்மா ஒரு வாரமா அலையறோம்” என்றான் தாவீது.

குப்புராஜ் சிரிக்கவில்லை. கைநிறையக் காய்களை அள்ளி அவள் முன்னால் நீட்டினார்.

“மடியைப் பிடிங்கம்மா. உங்க பங்குதானே? பிள்ளைகளுக்கு வேகவெச்சுக் கொடுங்க.”

பச்சையம்மா இரண்டடி பின்வாங்கினாள். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

“இன்னாத்துக்குத் திருடினீங்க?” என்று மாரியப்பன் கத்தினார். “உங்க பயறு கொழுக்கிறதுக்கு எங்க கரும்பைச் சாகடிச்சீங்களே, உங்க வயித்துல...”

“வாயை மூடு அண்ணே!” அந்தக் குரலில் மாரியப்பனே அடங்கிவிட்டார். “திருடினோமா? ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஒரு காயைப் பறிச்சிருந்தா சொல்லு. அதைத் தொடுவோமா நாங்க? அது எம்மாட்டோட எலும்பு!”

ஏற்றத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“மார்கழியில எம்மாடு செத்துப்போச்சு. செவலை. எம்பொண்ணு அது பாலைக் குடிச்சுத்தான் உசிரு பொழைச்சுது, எனக்குப் பாலில்லை. எங்க ஊட்டுக்காரரு எலும்பு வண்டிக்காரன் வந்து கேட்டான்னு தூக்கிக் குடுத்துட்டாரு. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துல மில்லு இருக்குதாம், எலும்பை அரைச்சு மாவாக்கி எருவா விக்கிறாங்களாம். நான் அழுதுக்கினே ஸ்டேஷன் வரைக்கும் வண்டி பின்னால போனேன். கூட்ஸ் ஷெட்டுல எலும்பைக் குவிச்சிருந்தான். அதுக்குப் பக்கத்துலயே பாயோட சாக்கு. கிழிசல்ல வெள்ளை வெள்ளையா மாவு கொட்டிக்கினு இருந்துது. இது இன்னான்னு எனக்கு ஒருத்தரு சொல்லணுமா? எம்மாடோ, அது மாதிரி இன்னொரு மாடோ!”

“அதனாலே?” என்றார் குப்புராஜ், மெதுவாக.

“அதனால இன்னா? இது பொங்கலுக்குச் சாமி முன்னால வெக்கிற கரும்பு. சாமிக்கு வெல்லம் காய்ச்சற கரும்பு. அதுக்கு அடியில நான் எம்மாட்டை வெப்பேனா? பொம்பளைங்க எல்லாரும் ஏரிக்கரை செல்லியம்மன் முன்னால கற்பூரம் ஏத்தினோம். கரணையில அதைப் பட விடக்கூடாது, முறத்தால அள்ளி மேட்டுல வீசிடணும், ஆம்பளைங்ககிட்ட மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணிட்டோம். காராமணி எப்பவும்போல மேட்டுல போட்டோம். அது அப்படிக் காய்ச்சப்போ எங்களுக்கே ஒடம்பு நடுங்கிப்போச்சு. யாரும் தொடலை.”

“அம்மா,” என்றார் குப்புராஜ், “அது எலும்பு இல்லை. சாக்கு பக்கத்திலே இருந்தது, அவ்வளவுதான். அது கல். கப்பலிலே வந்த கல்லைப் பொடி பண்ணித் திராவகத்திலே ஊறவெச்ச உரம். ஒரு மாட்டு எலும்புகூட அதிலே இல்லை.”

பச்சையம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பொய் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

“கல்லா?”

“வெறும் கல்.”

“பஞ்சாயத்துல அந்த மனுசன் நின்னாரு.” அவள் குரல் திடீரென்று தேய்ந்தது. “நான் வேப்பமரத்துக்குப் பின்னாலதான் இருந்தேன். ‘என் வேதத்தைத் தொட்டுச் சத்தியம் பண்றேன், சரக்கு சுத்தம்’னாரு. எங்க நாக்கு வரைக்கும் வந்துது. செல்லியம்மாவுக்குப் பண்ண சத்தியமாச்சேன்னு முழுங்கிட்டோம். அப்பத்தான் அண்ணன் அந்தப் பேச்சு பேசிச்சு.”

தாவீது மாரியப்பனைப் பார்த்தான். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பேசினீங்க?” என்று தாவீதே கேட்டான்.

மாரியப்பன் தலை நிமிராமலே சொன்னார்: “‘உன் சத்தியமும் உன் உப்பு மாதிரிதான் பாய், கொட்டினாலும் ஒண்ணும் முளைக்காது’ன்னு சொன்னேன். சத்தியம் பண்ண விடலை.”

அப்புறம் அந்தப் பெரிய மனிதர் குழந்தையைப் போல் குப்புராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, இப்ப இன்னா செய்யறது?”

“கரும்புக்கா? அது ஒண்ணும் கெட்டுப்போகலை. காராமணியை மடக்கி மண்ணிலே விட்டுட்டு, பார் மேட்டு மண்ணை வெட்டிக் கரும்பு அடியிலே அணைச்சு விடுங்க. பாய் சொன்ன மாதிரி, அந்த உப்பு எங்கேயும் போயிருக்காது. வேர் தொட்டதும் தூர் கட்டும். அடுத்த வருஷம் வெட்டின கட்டையிலே துளிர்க்கிற கரும்புக்கும் அதிலேயே மிச்சம் இருக்கும். ஆசைப்பட்டு மறுபடியும் கொட்டாதீங்க.”

“அப்ப ஒண்ணுமே கெட்டுப்போகலை!” மாரியப்பனின் கண்கள் நனைந்து மின்னின. “பாய் எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவீங்க இல்ல? ஊரைக் கூட்டறேன். அதே வேப்பமரத்தடியில அவரு கால்ல விழறேன். மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். சின்னப் புள்ளையில எங்கொல்லையில கரும்பு ஒடிச்சுத் துன்ன பொண்ணுங்க அது. என்னை மாமான்னு கூப்பிடும். நானும் வரேன் ஐயா!”

“நானும் வரேன்” என்றாள் பச்சையம்மா.

பொன்னேரியில் ரயிலிறங்கிப் பழவேற்காட்டுக்கு ஜட்காவில் போகும்போது தாவீதுதான் பேச்சைத் தொடங்கினான். மாரியப்பன் மடியில் ஒரு துணி மூட்டை. உள்ளே காராமணியும், போன வருஷத்துக் கொப்பரையில் முதலில் எடுத்த வெல்லமும். முதல் வெல்லம் எப்போதும் பாய்க்குத்தானாம்.

“சார், கேஸ் ஜெயிச்சு இப்படி எழவு வீட்டு முகத்தோட வர்ற துப்பறிவாளரை நான் பார்த்ததே இல்லை. ஆள் எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுதானே பாக்கி? நாகப்பட்டினமோ, காயல்பட்டினமோ, சொந்தக்காரங்க ஊட்டுல உக்காந்து ஆப்பம் துன்னுக்கினு இருப்பாரு.”

“தாவீது, போன வாரம் அந்த வீட்டுக்குப் போனோமே. திரைக்குப் பின்னாலிருந்து பாயோட சம்சாரம் தேத்தண்ணி நீட்டினாங்க. அந்த அம்மா நம்மகிட்ட என்ன கேட்டாங்க?”

“ஒண்ணுமே கேக்கலையே.”

“ஆமாம்” என்றார் குப்புராஜ். அதன்பிறகு பழவேற்காட்டு ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆரிபா வாசலிலேயே நின்றாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. குப்புராஜ் சுருக்கமாகச் சொன்னார்: சரக்கு சுத்தம், பாய் சொன்ன முறை சரி, உரம் விழுந்த இடம் சால் இல்லை, மேடு. அவள் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடிந்ததும், “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஐயா. இன்னொரு தடவை” என்றாள்.

குப்புராஜ் திரைப் பக்கம் திரும்பி நின்றார். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

மாரியப்பன் மூட்டையை அவிழ்த்து வாசற்படியில் பரப்பினார். “பாரும்மா, பாரு! உங்க வாப்பா குடுத்த உப்புல வெளைஞ்சது. அவரு எங்க இருக்காரு, உனக்குத் தெரியுமா கண்ணு? தெரிஞ்சா சொல்லு. நான் நடந்தே போய்க் கூட்டிக்கினு வரேன்.”

“வாப்பா காணாமப் போகலை மாமா.”

அவள் குரலில் அழுகை இல்லை. அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

“அன்னிக்கே ஊட்டுக்கு வந்தாங்க. வந்து படுத்தாங்க. சோறு தண்ணி தொடலை. ஒரு வாரம்கூடத் தாங்கலை. பள்ளிவாசல் பின்னாடிதான் அடக்கம் பண்ணியிருக்கு.”

குப்புராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா சார்?” என்று தாவீது காதோடு கேட்டான்.

“தேத்தண்ணி நீட்டின கையிலே வளையல் இல்லை. அந்த அம்மா இத்தா இருக்காங்க. புருஷன் இறந்தவங்க வெளி ஆண்பிள்ளைகள் கண்ணிலே படாம வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம். புருஷனைக் காணாத பெண் துப்பறிகிறவனைப் பார்த்தா, எப்போ வருவாருன்னுதான் முதல்லே கேட்பா. அவங்க கேட்கலை.”

“ஏம்மா பொய் சொன்னே?” என்று தாவீது ஆரிபாவிடம் கேட்டான். கோபமாகக் கேட்க நினைத்தான், முடியவில்லை.

“செத்துப்போனவருக்காக யாராச்சும் அலைவாங்களா ஐயா? உசிரோட இருக்காருன்னா தேடுவீங்கன்னுதான் சொன்னேன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உம்மாவுக்காகத்தான். வாப்பா படுத்திருந்தப்போ உம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டாங்க. ‘நெசமாவே அந்தச் சாக்குல ஒண்ணும் இல்லியா?’ன்னு. வாப்பா பதிலே சொல்லலை. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்புறம் பேசவே இல்லை. அன்னியிலேருந்து உம்மாவும் பேசறதில்லை.”

மாரியப்பன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

ஆரிபா குனிந்து, காராமணியை இரண்டு கையாலும் அள்ளித் திரைக்குள் நீட்டினாள். திரை அசைந்தது. வளையல் இல்லாத ஒரு கை வந்தது. வாங்கிக்கொண்டது. உள்ளே காய் உரிக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. நெற்று வெடித்து விதை தரையில் விழுந்தது.

பச்சையம்மா யாரையும் கேட்காமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு, நாள்கணக்காகப் பேசாமல் துருப்பிடித்த ஒரு குரல் கேட்டது.

“சாலுல போட்டிருந்தா முளைச்சிருக்குமா?”

“முளைச்சிருக்கும் தாயி. எங்க கையாலதான் கெட்டுது.”

தாவீது சட்டைப் பையில் கைவிட்டான். ரயிலில் தின்ன எடுத்துவைத்திருந்த காய்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வாசற்படியில், மற்றவற்றோடு சேர்த்து வைத்தான்.

“ஆரிபா” என்றது உள்ளிருந்து அந்தக் குரல். “வந்தவங்க வெயில்ல நிக்கிறாங்க. மாரியப்பனை உள்ளே முகப்புல வந்து உட்காரச் சொல்லு. உங்க வாப்பா இருந்தா இப்படி நிக்க விடுவாங்களா?”

ஆரிபா கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள். குப்புராஜ் குனிந்து உள்ளே போனார். தாவீதும் போனான். திரும்பிப் பார்த்தபோது மாரியப்பன் படியைத் தாண்டவில்லை. ஆரிபா, “வாங்க மாமா” என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அந்தப் பெரிய மனிதர் நடக்கத் தெரியாதவரைப் போல, நின்ற இடத்திலேயே நின்றார்.